கொழுந்து லொறியும் உளவாளியின் காரும்

ராகலைக்கு அப்பால், தேயிலைத் தோட்டத்து வளைவொன்றில் எங்கள் பஸ் பத்து நாற்பதிலிருந்து நிற்கிறது. உளவாளிப் படமொன்றின் துரத்தல் காட்சிக்காகக் கயிறு பிடித்துப் பாதையை மறித்திருக்கிறார்கள். கறுப்புக் கார் அந்த வளைவை ஒரே திருப்பில் கடக்க வேண்டும். நான்காவது முறையும் அதன் சக்கரம் பாதையோர வடிகானுக்குள் இறங்கிவிடுகிறது.

பஸ்ஸுக்கு முன்னால் கொழுந்து ஏற்றிய லொறி நிற்கிறது. அதன் சாரதி சாக்கொன்றுக்குள் கையை விட்டுப் பார்க்கிறார்.

“சூடேறுதுங்க. இன்னும் கொஞ்சம் நின்னா பெக்டரியில எடுக்க மாட்டாங்க. பொம்பளைங்க காலையிலருந்து பறிச்சது வீணாப் போயிரும்.”

“படக்காரர்களிடம் சொன்னீர்களா?” பஸ்ஸிலிருந்து இறங்கிய நான் கேட்கிறேன்.

“சொன்னேங்க. இதுதான் கடைசி, இதுதான் கடைசின்னு நாலு தடவ சொல்லிட்டாங்க.”

ஐந்தாவது முறைக்காகக் காரைக் கானிலிருந்து மீட்டு மேலே கொண்டுபோகிறார்கள். பாதை வெறுமையாகிறது. சாரதி லொறியில் ஏறுகிறார். கயிறு பிடித்திருந்தவர் அதைப் போட்டுவிட்டு ஓடுகிறார். ஹார்னை அழுத்தியபடி, வேகம் குறையாமல், ஒரே திருப்பில் லொறி வளைவைக் கடக்கிறது. ஒரு சாக்குகூடச் சரியவில்லை.

இயக்குநர் பின்னாலேயே ஓடுகிறார். “அண்ணே, பிரமாதம்! இன்னொரு தடவ!”

லொறி ஜன்னலுக்கு வெளியே சாரதியின் தலை தெரிகிறது. “நாலு மணிக்கு அந்திக் கொழுந்தோட வருவேன் சார். அப்ப எடுத்துக்கங்க!”