முயல் துவக்குக்குத் தேங்காய் எண்ணெய்

1. சேர்ந்த கதை

துவக்குச் சூட்டுக்குப் பயந்து நாட்டைவிட்டு வந்தவன் துவக்கு திருத்தும் கடையில் வேலைக்குச் சேர்ந்தால் வீட்டில் என்ன நடக்கும்? என் மனைவி ரெஜினா இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. மூன்றாம் நாள், "கோயில்ல ஆரும் கேட்டால் விளையாட்டுச் சாமான் கடை எண்டு சொல்லுங்கோ" என்றாள்.

முழுப் பொய்யும் இல்லை. மொன்றியலின் மேற்குப் பக்கம், புவாண்ட்-கிளேரில் இருந்த அந்தக் கடையின் முன்பக்கத்தில் தூண்டிலும் பனிச் சப்பாத்தும் விற்றார்கள். பின்பக்கம்தான் பட்டறை. நான் மன்னாரில் தையல் மெஷின் திருத்தியவன். இங்கே வந்து ஆறு வருடம் உணவகங்களில் கோப்பை கழுவினேன். இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில், நாற்பத்திநாலு வயதில், மறுபடி கையில் ஸ்குரூ டிரைவர் வந்தபோது எனக்கு அது துவக்குக் கடையா துடைப்பக் கடையா என்று பார்க்கத் தோன்றவில்லை.

முதலாளி ரெஜான் பெருத்த உடம்பு, சின்னக் குரல். பிரெஞ்சும் இங்கிலிஷும் கலந்து கதைப்பார். அவர் சொன்னதை நான் எங்கள் தமிழிலேயே எழுதுகிறேன்.

"மூண்டு மாசம் பாப்பன், இமானுவேல். சரிவந்தால் நிரந்தரம். சரிவராட்டில் மெர்சி, பொன்ஷூர்."

'நன்றி, வணக்கம்' என்று இரண்டே சொல்லில் மனிதனை வீட்டுக்கு அனுப்பும் வித்தையை அன்றுதான் கேட்டேன்.

2. அர்மானின் இருபத்திரண்டு

மூன்றாம் மாதம், ஜனவரியில், அர்மான் வந்தார். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட பஸ் டிரைவர். அவருடைய நாய் கடைக்குள் அவருக்கு முன்னால் வந்தது. கொண்டுவந்தது பழைய பாய்ண்ட் இருபத்திரண்டு செமி-ஆட்டோமாட்டிக் துவக்கு. தகப்பன் வாங்கியது. மாசி முதல் வாரம் தம்பியோடு முயல் வேட்டைக்குப் போவது அவர்கள் வழக்கம், அதற்கு முன் ஒரு சர்வீஸ் வேண்டும் என்றார்.

இதைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. இது ரிம்ஃபயர். சுடும்போது உள்ளே இருக்கும் ஊசி தோட்டாவின் நடுவில் குத்தாது, விளிம்பில் குத்தும். தோட்டா இல்லாமல் விசையை வெறுமையாகத் தட்டினால் ஊசி, தோட்டா ஏறும் குழல் வாயிலேயே போய் மோதி, அங்கே நெளிவு விழும். அதனால் ரிம்ஃபயரை வெறுமையாகத் தட்டக் கூடாது. செமி-ஆட்டோ என்றால் ஒவ்வொரு வெடிக்கும் போல்ட் என்ற உலோகக் கட்டை தானே பின்னால் போய், வெறுங்கோதை வெளியே தள்ளி, ஸ்பிரிங்கின் பலத்தில் திரும்பி வந்து அடுத்த தோட்டாவை ஏற்றும். போல்ட் இலகுவாக ஓடாவிட்டால் எல்லாம் நின்றுவிடும்.

அர்மான் புறப்படும்போது சொன்னார், "நாப்பது வருசமாய் ஒருநாளும் வெறுமையாய்த் தட்டேல்லை. தட்டினால் செத்த அப்பா எழும்பி வந்து அடிப்பார்."

துவக்கைக் கழற்றினேன். இருபத்திரண்டின் தோட்டா மெழுகும் கரியும் கக்கும். போல்ட்டின் இடுக்கெல்லாம் சட்டிக்கரி மாதிரிப் பிடித்திருந்தது. பல்துலக்கும் பிரஷ்ஷும் கழுவும் திரவமும் போட்டு அரை நாள் உரசினேன். பூட்டும்போது பார்த்தால் எண்ணெய்ப் போத்தல் காலி. ரெஜான் லவாலுக்குச் சாமான் எடுக்கப் போயிருந்தார்.

பனிக்கு வெடித்த என் கைகளுக்காக ரெஜினா கட்டித்தந்த சின்னத் தேங்காய் எண்ணெய்ப் போத்தல் ஹீட்டருக்கு மேல் இருந்தது. மன்னாரில் சண்டைக் காலத்தில் மெஷின் எண்ணெய் உள்ளே வராது. அப்போது எத்தனை தையல் மெஷினைத் தேங்காய் எண்ணெயில் ஓட்டியிருப்பேன். ஒரு மெஷினும் என்னிடம் குறை சொன்னதில்லை. தாராளமாக விட்டேன். போல்ட் வழுக்கிக்கொண்டு ஓடியது. எனக்கே என்னை மெச்சத் தோன்றியது.

3. இரண்டு தரம்

அடுத்த கிழமை அர்மான் திரும்பி வந்தார். "ஒண்டு வெடிக்குது. பேந்து போல்ட் பாதியில நிக்குது. ரெண்டாவது ஏறுதில்லை."

ரெஜான் வாங்கி நாலு தரம் இழுத்துப் பார்த்தார். பட்டறைச் சூட்டில் அது அருமையாக ஓடியது. "உங்கட தோட்டா மலிவு. நல்லது வாங்குங்கோ" என்று அனுப்பினார்.

நாலாம் நாள் அர்மான் நல்ல தோட்டாப் பெட்டியோடு வந்து நின்றார். அதே கதை. கூட ஒரு புதினமான செய்தியும் சொன்னார். "இந்த நாய் துவக்கை விடுகுதில்லை. நக்கிக்கொண்டே நிக்குது. முந்தி இப்பிடிச் செய்யிறேல்லை."

நாய் விஷயத்தை ஒருவரும் காதில் போடவில்லை, நான் உட்பட. ரெஜான் குழல் வாயை லென்ஸ் வைத்துப் பார்த்து, சின்ன நெளிவு போல இருக்கிறது என்றார். "நீங்கள் வெறுமையாய்த் தட்டியிருக்கிறியள்."

"இல்லை."

"துவக்கு பொய் சொல்லாது, மெஸ்யூ. நாளைக்கு வாயை அரத்தால ராவி விடுறன். அதுக்குப் பிறகும் சரிவராட்டில் பாகங்களுக்குக் குடுங்கோ."

அர்மான் தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு போனார். எனக்கு அவர்மேல் இரக்கமாக இருந்தது. என்மேல் சந்தேகம் வரவில்லை, அதுதான் வெட்கம்.

அன்று பின்னேரம் வீட்டில் ரெஜினா குசினி ஜன்னலடியில் இருந்த பெரிய தேங்காய் எண்ணெய்ப் போத்தலைக் கரண்டிக் காம்பால் குத்திக்கொண்டிருந்தாள். "இஞ்சேருங்கோ, கல்லாய்க் கிடக்கு. கொஞ்சம் சுடுதண்ணியில வைச்சுத் தாங்கோ."

போத்தலை வாங்கினேன். உள்ளே வெள்ளை வெளேரென்று உறைந்திருந்தது. ஆறு பனிக்காலமாக இதைச் சுடுதண்ணீரில் வைத்துக் கொடுத்தவன் நான்தான். பட்டறைப் போத்தல் ஹீட்டருக்கு மேல் இருந்ததால் ஒருநாளும் உறையவில்லை. அர்மானின் போல்ட் வெளிக் குளிரில் இப்படித்தான் இறுகியிருக்கும்.

விஷயத்தைச் சொன்னேன். "ராவினால் உங்கட பிழை தெரிய வருமோ?" என்று கேட்டாள். வராது என்றேன். மூன்று மாதம் முடிய இன்னும் ஒன்பது நாள் இருந்தது. மறுபடி கோப்பை கழுவப் போக என் கைகளுக்கு விருப்பமில்லை. ரெஜினா அடுப்பின் பக்கம் திரும்பினாள். எனக்கு ஒரே யோசனைதான். ராவிய இரும்பு திரும்பி வராது. அந்த மனிதரின் நாற்பது வருட நல்ல பெயரும் அப்படித்தான்.

4. ஐஸ்கிரீமுக்குப் பக்கத்தில்

காலையில் நான் போனபோது ரெஜான் அரத்தைக் கையில் எடுத்துவிட்டார்.

"பொறுங்கோ. அது குழல் வாய் இல்லை. என்ர பிழை."

தேங்காய் எண்ணெய் விட்டேன் என்றதும் அவருக்கு விளங்கவில்லை. போல்ட்டைக் கழற்றி, சாப்பாட்டு ஃபிரிட்ஜின் மேல்தட்டில் அவருடைய ஐஸ்கிரீமுக்குப் பக்கத்தில் வைத்தேன். இருபது நிமிடம் காத்திருந்தோம். வெளியே எடுத்தபோது போல்ட் முழுக்க வெள்ளைப் படை. ரெஜான் நகத்தால் சுரண்டி மணந்தார்.

"கேக் மணம்," என்றார். பிறகு, "நாய்," என்றார்.

போல்ட்டையும் உள் பக்கத்தையும் கழுவித் துடைத்து, மெல்லிய துவக்கு எண்ணெய் ஒரே ஒரு துளி விட்டேன். துவக்கைச் சூடு இல்லாத சாமான் அறையில் ஒரு மணித்தியாலம் வைத்தோம். எடுத்து இழுத்தால் கோடை காலம் போல ஓடியது. நெளிவு என்று பார்த்தது பழைய கீறல்.

ரெஜான் போனை என் பக்கம் தள்ளினார். "நீரே சொல்லும்."

எனக்குத் தெரிந்த உடைந்த பிரெஞ்சில் அர்மானுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஏசுவார் என்று காத்திருந்தேன்.

"அப்ப நான் வெறுமையாய்த் தட்டேல்லை எண்டு உம்மட முதலாளிக்கு விளங்கினதோ?" என்றுதான் கேட்டார்.

நான் போனை ரெஜானிடம் நீட்டினேன். அந்தப் பெருத்த மனிதர் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார்.

அதன் பிறகு இருபது வருடம் அந்தப் பட்டறையில் இருந்தேன். பனிக்காலத்தில் ஒரு துவக்கையும் சாமான் அறையில் குளிர வைத்துப் பார்க்காமல் கொடுத்ததில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: எங்கள் மேசையில் ஓடுவது பெரிய காரியமில்லை, வாடிக்கையாளர் நிற்கும் இடத்தில் ஓட வேண்டும். ஓடாவிட்டால் அவரைக் கேட்குமுன் உங்களைக் கேளுங்கள்.

போனில் கதைத்த மறுநாள் அர்மான் துவக்கை எடுக்க வந்தார். நாய் முன்னால் ஓடிவந்து போல்ட்டுக்கு நேரே மூக்கை வைத்து மணந்தது. ஒருதரம் மணந்தது, இன்னொருதரம் மணந்தது. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு கதவடியில் போய்ப் படுத்தது.

ரெஜான் நாயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"சரி," என்றார். "திங்கக்கிழமையில இருந்து நிரந்தரம்."