சுபத்துக்குப் பிறகும் ஒரு ரீல்

எண்பதுகளின் நடுவில் எனக்கு வாய்த்த ஒரே உத்தியோகம் படப்பெட்டி தூக்குவது. விழுப்புரம் தியேட்டருக்கும் திண்டிவனம் தியேட்டருக்கும் சேர்த்து ஒரே பிரதிதான் வரும். விழுப்புரத்தில் காலைக் காட்சி பாதி ஓடியதும் ஒருவர் முதல் ஏழு ரீல்களோடு பஸ் ஏறிவிடுவார். மீதி ஏழும் ஓடி முடிந்ததும் சாக்கில் கட்டிக்கொண்டு நான் அடுத்த பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். திண்டிவனம் மேட்னியில் இடைவேளை முடிவதற்குள் நான் போய்ச் சேராவிட்டால் ஜனங்கள் முதலில் நாற்காலியை உடைப்பார்கள், அப்புறம் என்னை.

அந்த மாதம் ஓடியது ஒரு குடும்பப் படம். புருஷன் அடிப்பான், மனைவி பூஜை அறையில் நின்று அழுவாள். பதின்மூன்றாவது ரீலில் ஓங்கி ஓர் அறை வாங்கிக்கொண்டு, பெட்டியோடு வீட்டைவிட்டு வெளியேறுவாள். பதினாலாவதில் அவனுக்கு விபத்து, தலையில் பெரிய கட்டு. இவள் ஓடிவந்து பூஜை அறையில் அழுதுவிட்டு, அவன் காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்பாள். சுபம். அடி வாங்கியவள் எதற்கு மன்னிப்புக் கேட்கிறாள் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. ஒவ்வொரு முறையும் மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதவன் நான்.

என் அக்காவை விழுப்புரத்தில் கொடுத்திருந்தோம். இடது காது சரியாகக் கேட்காமல் போய், அவள் திண்டிவனத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. காது எப்படிப் போனது என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அதற்கு முன்பும் ஒருமுறை வந்தவளைச் சமாதானம் பேசித் திருப்பி அனுப்பியிருந்தோம். இந்த முறை அவள் டைப்ரைட்டிங் வகுப்பில் சேர்ந்துவிட்டாள். அப்பாவுக்குக் காது போனதைவிட அதுதான் பெரிய கவலை.

"இந்தப் படத்தை ஒரு வாட்டி காட்டுப்பா, அவளே கெளம்பிடுவா" என்று யோசனை சொன்ன மேதாவி வேறு யாருமில்லை, நான்தான். அப்பா அக்காவின் மாமியாருக்குச் சொல்லி அனுப்பினார். அம்மா, அக்கா, மாமியார் மூவரும் மேட்னி பார்ப்பது. படம் முடிந்ததும் தியேட்டரிலிருந்தே மாமியாரோடு அக்காவை விழுப்புரம் பஸ் ஏற்றிவிடுவது. ஏற்பாடு அதுதான்.

அன்று காலை நான் வேலைக்குக் கிளம்பும்போது அக்கா ரெக்சின் பையில் புடவைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏண்டா, அந்தப் படத்துல கால்ல வுழுந்தப்புறம் அவன் அடிக்கமாட்டானா?"

"அதான் படம் முடிஞ்சிடுதே!" என்றேன்.

நான் எதைச் சொன்னாலும் சிரிக்கிறவள், சிரிக்கவில்லை. குனிந்து பையின் ஜிப்பை இழுத்தாள்.

விழுப்புரத்தில் காலைக் காட்சி முடிந்து நான் பஸ் ஏறுகிறவரை அந்தக் கேள்வி கூடவே வந்தது. கண்டக்டர் வேறு சாக்கை முகர்ந்து பார்த்தார். "பிலிமா? பத்திக்கும்யா. மேல போடு." பஸ் கூரைமேல் போட்டேன். விக்கிரவாண்டி தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. இடைவேளைக்குள் போவோமா, போகாவிட்டால் என்ன ஆகும், போய்ச் சேர்ந்தால் அக்கா என்ன ஆவாள் என்று மாறி மாறி யோசித்ததில், சீக்கிரம் போகச் சொல்லிச் சாமியைக் கும்பிடுவதா வேண்டாமா என்பதே குழப்பமாகிவிட்டது.

போய்ச் சேர்ந்தபோது இடைவேளை முடிந்து விசில் காதைத் துளைத்தது. டின்களின் மேல் சாக்பீஸில் எழுதியிருந்த எண்களை மழை கழுவியிருந்தது. ஃபிலிம் சுருளின் தலைப்பில் இருந்த எண்ணைப் பார்த்து ஆபரேட்டர் அண்ணன் ஐந்தை அடுக்கிவிட்டார். இரண்டுக்கு மட்டும் அந்தத் தலைப்பே கிழிந்து போயிருந்தது.

"பதிமூணு எது, பதினாலு எதுடா? ஜல்தி சொல்லு!"

"நாப்பது வாட்டி பாத்தவண்ணே நானு. குடுங்க."

பல்புக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். பூஜை அறை, கதாநாயகி அழுகிறாள். இன்னொன்றைப் பிரித்தேன். அதே பூஜை அறை, அதே அழுகை. புடவைகூட மாறவில்லை. நாற்பது முறை பார்த்தவனுக்கு அவள் எந்த அழுகையை எதற்காக அழுகிறாள் என்று தெரியவில்லை. குத்துமதிப்பாக ஒன்றை நீட்டினேன்.

ஆபரேட்டர் அறை ஓட்டை வழியாகப் பெண்கள் பக்கம் பார்த்துக்கொண்டே நின்றேன். அக்கா, வலது காது திரையின் பக்கம் வரும்படி தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். காலடியில் பை.

பன்னிரண்டாவது ரீல் முடிந்தது. திரையில் தலைக் கட்டோடு புருஷன்! அவள் எங்கிருந்து ஓடிவருகிறாள் என்று யாருக்கும் புரியவில்லை. காலில் விழுந்தாள். சுபம். ஜனங்கள் எழுந்தார்கள்.

"இன்னும் ஒரு ரீலு இருக்குதேடா பாவி!" என்றார் ஆபரேட்டர். நிறுத்தினால் ரகளை. வேறு வழியில்லாமல் அடுத்த மெஷினைத் தட்டிவிட்டார். எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். கட்டில்லாத புருஷன் பளாரென்று அறைந்தான்.

"கட்டு அவுத்ததும் பழையபடி ஆரம்பிச்சிட்டான் பாருடி!" என்று பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல். கதாநாயகி பெட்டியை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தாள். விசில். விளக்கு எரிந்தது.

நான் கீழே ஓடினேன். வாசலில் மூவரும் நின்றிருந்தார்கள். அக்கா பையை எடுத்திருந்தாள்.

மாமியார் என்னைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, நீதான பொட்டி எடுத்தாந்தே? எது கடேசி? கால்ல வுழுந்ததா, கெளம்புனதா? சுபம் முன்னாடியே போட்டாங்களே?"

அம்மா கண்ணாலேயே கெஞ்சினாள். அக்கா என்னைப் பார்க்கவே இல்லை, போஸ்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கெளம்புனதுதான் கடேசி அத்தை. சுபத்தை அவசரப்பட்டுப் போட்டுட்டாங்க."

"சரியாத்தான் படம் எடுத்திருக்கான்" என்றாள் அக்கா. பிறகு மாமியாரிடம் திரும்பினாள். "நான் வர்ல அத்தை. போன வாட்டி வந்து பாத்துட்டேன். ஆறு மணிக்கு எனக்கு கிளாஸ் இருக்குது." பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள். அம்மா "ஏய், ஏய்" என்று பின்னாலேயே ஓடினாள்.

எனக்குத் தப்பிக்க வழியில்லை. மாலைக் காட்சிக்கு ரீல்களை விழுப்புரம் சேர்க்க வேண்டும். அதே பஸ்ஸில் மாமியார், என் பக்கத்து சீட்டில். இந்த முறை சாக்கை மடியிலேயே வைத்துக்கொண்டேன். அந்தம்மா ஊருக்குப் போய் அதே படத்துக்கு ஒரு டிக்கெட் எடுத்தால் என் கதை முடிந்தது. கூட்டேரிப்பட்டு வந்தது, போனது. எனக்கு வியர்த்துக்கொண்டே இருந்தது.

விக்கிரவாண்டியில் பஸ் நின்றபோது ஜன்னல் பக்கம் திரும்பியபடியே மெதுவாகக் கேட்டார்:

"பொட்டி எடுத்துக்கினு போனாளே, அந்தப் பொண்ணு... அப்புறம் எங்க போயிருப்பா தம்பி?"

மடியில் பதினாலாவது ரீல் கனத்தது.

"தெரியல அத்தை" என்றேன்.