அறுக்காத மோதிரம்

கணவர் அசார் இறந்த பிறகு ஃபஹீமாவுக்கு அளந்து சோறு வடிக்க வரவில்லை. எவ்வளவு குறைத்துப் போட்டாலும் ஒரு கை மிஞ்சியது. செம்பாக்கத்தில் மூன்றாவது மாடியில், இருவருக்கென்று வாங்கிய வீடு. பிள்ளைகள் இல்லை. ஆம்பூரிலிருந்து அண்ணன் கரீம் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் போன் செய்வார், சாப்பிட்டாயா என்று கேட்பார். அதற்குமேல் இருவருக்குமே பேச்சு ஓடாது. மற்ற நாட்களில் அந்த வீட்டில் பேசுவது டிவி மட்டும்தான்.

பகலுக்குப் பம்மல் இருந்தது. அங்கே ஜீவரத்தினத்தின் வெள்ளி நகைப் பட்டறையில் அவள் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவள். அயர்லாந்துக் கடை ஒன்றுக்கு மோதிரமும் டாலரும் செய்து அனுப்பினார்கள். எல்லாம் அந்த நாட்டுப் பழைய பின்னலான கெல்டிக் முடிச்சு. ஒரே கோடு மேலே ஏறி, கீழே நுழைந்து, தன்னையே பின்னிக்கொண்டு, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். பட்டறையில் அதற்குச் சிக்குக் கோலம் என்றே பெயர். பாலீஷ் போடும் தனம் மட்டும், "புள்ளியே இல்லாம எப்டிக்கா போட்டாங்க?" என்று கேட்டுக்கொண்டிருப்பாள். கடைக்காரர் அனுப்பும் அட்டைகளில் அர்த்தம் அச்சிட்டிருக்கும். மூன்று முனை முடிச்சுக்கு ஓர் அட்டையில் பிதா, சுதன், பரிசுத்த ஆவி. இன்னொன்றில் நிலம், கடல், வானம். மோதிரம் எதுவானாலும் 'முடிவில்லாத அன்பு'. அந்த அட்டைகளைப் படிப்பதை ஃபஹீமா நிறுத்தியிருந்தாள்.

ஐப்பசி மழையில் ஒருநாள் அந்தக் கடையிலிருந்து பழைய ஆண்கள் மோதிரம் ஒன்று வந்தது. நோரா என்ற அம்மாவின் கணவர் போட்டிருந்தது. அவர் போய்விட்டார். இனி அதைத் தான் போட்டுக்கொள்ளவேண்டும், விரலுக்குத் தகுந்தபடி சின்னதாக்கித் தாருங்கள் என்று கேட்டிருந்தார் நோரா. சாதாரண மோதிரமென்றால் ஒரு துண்டை அறுத்தெடுத்துப் பற்றவைத்துவிடலாம். இதிலோ சுற்றிலும் முடிச்சு. அறுத்தால் கோட்டோடு கோடு சேராது.

ஜீவரத்தினம் அதை உருட்டிப் பார்த்தார். "உருக்கிட்டு அதே டிசைன்ல சின்னதா வார்த்துடலாம்மா. வெள்ளி அதே வெள்ளிதானே. அந்தம்மாவுக்கு இன்னா தெரியப்போவுது?"

"தெரியும் சார்," என்றாள் ஃபஹீமா. ஒரு பக்கத்தில் முடிச்சின் மேடுகள் தேய்ந்து வழவழத்திருந்தன. அந்த இடத்தைக் காட்டினாள். "இத எப்படி சார் வார்க்கறது?"

அவர் கடைக்காரரிடம் பேசி, அந்த அம்மாவின் நம்பரை வாங்கித் தந்தார்.

வீடியோவில் வந்த நோராவுக்கு எழுபதுக்கு மேலிருக்கும். பின்னால் சமையலறை, மேசையில் ஒற்றைத் தட்டு. ஃபஹீமா தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினாள். மோதிரத்தை அறுக்கவேண்டாம், உள்ளே மெல்லிய வளையம் ஒன்றைப் பொருத்திவிடலாம், வெளியே எதுவும் மாறாது. நோராவுக்குச் சம்மதம். அதோடு முடித்திருக்கலாம். ஆனால் வேலைக்குத் தேவையில்லாத ஒன்றையும் ஃபஹீமா கேட்டாள். இந்த முடிச்சுக்கு உங்கள் ஊரில் உண்மையிலேயே என்ன அர்த்தம்?

நோரா சிரித்தார். பழைய கல்லிலும் பைபிள் ஏடுகளிலும் இதைப் போட்டவர்கள் அர்த்தத்தைச் சொல்லிவிட்டுப் போகவில்லை, அட்டையில் இருப்பதெல்லாம் பின்னால் வந்தவர்கள் சொன்னது என்றார். "சர்ச்சில் பிரசங்கம் நீண்டால் அவர் நகத்தால் இந்தக் கோட்டைத் தடவிக்கொண்டே இருப்பார். ஆரம்பம் எங்கே என்று கண்டுபிடிப்பதாக என்னோடு பந்தயம். கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை."

பிறகு, உன் வீட்டில் யார் யார் என்று விசாரித்தார்.

"நான் மட்டும்தான். என் கணவர் இறந்துவிட்டார்," என்றாள் ஃபஹீமா. சொன்ன பிறகுதான் உறைத்தது, அந்த வாக்கியத்தை அவள் இதுவரை வாய்விட்டுச் சொன்னதே இல்லை. அக்கம்பக்கத்தில், பட்டறையில், உறவில், எல்லோருக்கும் முன்பே தெரிந்திருந்தது. யாரும் கேட்கவேண்டியிருக்கவில்லை. நோரா ஆறுதல் சொல்லவில்லை. பெயர் என்ன என்று மட்டும் கேட்டு, "அசார், அசார்" என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

உள்வளையத்தைப் பற்றவைக்கும்போது ஃபஹீமா பக்கத்திலேயே நின்றாள். தேய்ந்த இடத்தில் பாலீஷ் படக்கூடாது என்று தனத்திடம் சொல்லிவைத்தாள். மோதிரம் போய்ச் சேர்ந்தது. விரலில் போட்டுக்கொண்ட படம் ஒன்று கடைக்காரர் வழியாக, பட்டறையின் பெயருக்கு வந்தது. நன்றி, அவ்வளவுதான். நோரா கூப்பிடுவார் என்று அவள் போனைக் கீபோர்டுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தாள். கூப்பிடவில்லை. ஏன் கூப்பிடவேண்டும், வேலைதான் முடிந்துவிட்டதே என்று தன்னைத் தானே அதட்டிக்கொண்டாள்.

ஒரு ஞாயிறு மத்தியானம் பொறுக்கமாட்டாமல் அவளே கூப்பிட்டாள். நோராவுக்கு முகம் பிடிபடக் கொஞ்சம் நேரமாயிற்று. மோதிரத்தில் ஏதும் கோளாறா என்று பதறினார். இல்லை, சும்மாதான் என்றாள் ஃபஹீமா. அதற்குப் பிறகு இருவருக்கும் பேச எதுவும் கிடைக்கவில்லை. ஆனாலும் நோரா போனை வைக்கவில்லை. எழுந்து போய் அதை வெளியே பார்க்கும்படி ஜன்னலில் சாய்த்துவைத்தார். அங்கே காலை, மழை பெய்துகொண்டிருந்தது. ஃபஹீமா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து அந்த மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.