மிதி, புடி, விடு

பிரேக் ஆயிலுக்கு ஒரு வாசம் உண்டு. மேலே லேசான இனிப்பு, அடியில் நனைந்த சாக்கின் கசப்பு. போன வாரம் புதுக்கோட்டையில் ஒரு கார் பட்டறையைக் கடக்கும்போது அது மூக்கில் ஏறியது. வந்த வேலை மறந்துபோய், அங்கிட்டும் இங்கிட்டும் நடந்துவிட்டு, மறுபடி அதே பட்டறை வாசலில் போய் நின்றேன். என் சின்ன வயதில் ஓர் ஐப்பசி முழுவதும் எங்கள் வீட்டைச் சுற்றிக்கொண்டிருந்த வாசம் அது.

அன்னவாசலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்த அப்பா, வந்த கையோடு வாடகைக்கு ஓட்டவென்று பழைய டீசல் கார் ஒன்றை வாங்கினார். "வண்டி ஓடுச்சுன்னா இங்கிட்டே இருந்துர்றேன், ஓடலேன்னா பழையபடி பாலைவனந்தான்" என்று பெரியப்பாவிடம் அவர் சொன்னது, உள்ளே தைத்துக்கொண்டிருந்த அம்மாவின் காதில் விழுந்தது. தையல் மிஷின் சட்டென்று நின்று, பிறகு முன்னைவிட வேகமாக ஓடியது. கையிலிருந்த ஜாக்கெட்டை ஒதுக்கிவிட்டு, காரின் சீட்டுகளுக்கு உறை தைக்க ஆரம்பித்தாள். இருங்கள் என்றோ போங்கள் என்றோ ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆயுத பூசை முடிந்து கொஞ்ச நாளில் கிளட்ச் மக்கர் பண்ணத் தொடங்கியது. மிதித்தால் பெடல் போன இடத்திலேயே கிடக்கும். திரும்பத் திரும்ப மிதித்து "பம்ப் அடித்தால்" ஒரு கியர் விழும், அடுத்தது கறகறவென்று பல்லைக் கடிக்கும். குழாயில் காற்று புகுந்திருக்கும் என்று அப்பா "ஏர் எடுத்தார்", அன்றைக்கு ஓடியது. கீழ் சிலிண்டரில் ஈரம் கண்டு அங்கே ரப்பரை மாற்றினார். மறுபடி கொஞ்சம் ஓடி மறுபடி படுத்தது. கம்பியை இழுத்துக் கட்டச் சொன்னவர்களுக்கு, இதில் கம்பியே கிடையாது, பிரேக்குக்கு ஊற்றுகிற அதே ஆயில்தான் கிளட்சையும் தள்ளுகிறது என்று காருக்கு அடியிலிருந்தே பாடம் நடத்துவார். தெருவில் போகிறவர்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவருடைய கால்களிடம் நலம் விசாரித்துவிட்டு, மொகத்தப் பாத்து ரொம்ப நாளாச்சுங்க என்று சிரித்துக்கொண்டே போனார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அடுப்புக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தாள்.

திருமயம் பக்கத்தில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு எங்கள் கார். மேளத்துக்குப் பின்னால் ஆள் நடக்கிற வேகத்தில் ஊர்ந்து போக வேண்டும், ஊர்வதற்கோ கிளட்ச் வேண்டும். தெரு பாதி தாண்டுமுன் பெடல் தரையோடு ஒட்டிக்கொண்டது. கார் ஒரு குலுக்குக் குலுக்கி மேளக்காரர் முதுகை இடிக்கப் பார்த்து நின்றது. மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளை இறங்கி வேறு காரில் ஏறினார். யாரும் திட்டவில்லை. ஆனால் அன்றிலிருந்து அது "மாப்பிள்ளைய எறக்கிவிட்ட வண்டி". அப்படியொரு பேர் வாங்கிய வண்டியை எந்தக் கல்யாண வீடு கூப்பிடும்? "அக்கரைத் தண்ணி குடிச்சவன் இக்கரையில தங்க மாட்டான்" என்று பெரியப்பா முடித்துவிட்டார். அப்பா டிக்கெட் போட்டார்.

போட்ட பிறகும் அவர் கை சும்மா இருக்கவில்லை. மேல் சிலிண்டரைப் பிரித்தார். உள்ளே ரப்பரெல்லாம் ஊறவைத்த கொண்டைக்கடலை மாதிரி உப்பிக் கிடந்தது. விரலில் எண்ணெயைத் தொட்டு முகர்ந்தவர், மெல்லத் திரும்பி அம்மாவைப் பார்த்தார்.

ஆயுத பூசையன்று வீட்டில் சுழல்கிற எல்லாவற்றையும் துடைத்து, தையல் மிஷின் எண்ணெய் விட்டு, பொட்டு வைப்பது அவள் வழக்கம். கிணற்றுக் கப்பி, சைக்கிள் செயின், காற்றாடி. அன்றைக்குக் காரின் முன்மூடி திறந்திருக்க, கிளட்ச் ஆயில் ஊற்றுகிற சின்ன டப்பாவில் எண்ணெய் குறைந்து கிடந்திருக்கிறது. மிஷின் எண்ணெய் பட்டால் அந்த ரப்பர் உப்பிவிடும் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

"எல்லாத்துக்கும் விட்டேன். இது நல்லா ஓடணும்னு கொஞ்சம் சேத்தே விட்டேங்க" என்றாள் அம்மா.

அப்பா திட்டுவார் என்று நான் கதவோடு ஒட்டிக்கொண்டேன். அவரோ சிரித்தார், சிரிப்பு பாதியில் நின்றுபோனது. பிறகு திருச்சியிலிருந்து புது ரப்பர்களும் குழாயும் வரவழைத்து, பழைய எண்ணெயைச் சொட்டு விடாமல் கழுவி எடுத்துவிட்டு, அம்மாவையே ஏறி உட்காரச் சொன்னார். அடியிலிருந்து அவர் குரல்: "மிதி… புடி… விடு." உள்ளேயிருந்து அவள்: "மிதிச்சிட்டேங்க… புடிச்சிருக்கேன்… விட்டுட்டேன்." அந்த விடுப்பில் அவர்கள் அவ்வளவு நேரம் பேசிக்கொண்டது அதுதான். குமிழி நின்று எண்ணெய் சீராக வந்ததும் பெடல் பாதத்தை எதிர்த்து எழுந்தது. அதற்குள் டிக்கெட் போட்ட நாள் வந்துவிட்டது. அந்தக் காரிலேயே, ஒரு முக்கல் முனகல் இல்லாமல், அப்பாவைத் திருச்சி விமான நிலையத்துக்குக் கொண்டுபோனோம்.

கார் எந்தக் காயலான் கடையில் இரும்பானதோ. அப்பாவும் இல்லை. இன்று நான் ஓட்டும் வண்டியில் கிளட்சே கிடையாது. ஆனாலும் சிக்னலில் நிற்கும்போதெல்லாம் இடது கால் நிலைகொள்ளாமல் வெறுந்தரையை மிதித்துப் பார்க்கிறது.

பயணம் கிளம்புகிறவரைத் தடுத்துச் சொல்வது எங்கள் பக்கம் ஆகாது. அன்று விமான நிலையத்தில் அப்பா கண்ணாடிக் கதவை நெருங்கிவிட்டார். அம்மா தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "போகாதீங்க" என்றாள்.

அவர் பெட்டியைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்தார்.

"இத மொதல்லயே சொல்லக் கூடாதா?" என்றார்.