செல்வராணி தேடிய குறை

'செல்வராணி, சமூக ஊடக நம்பிக்கைத் தூதர். வாடிக்கையாளர் மனத்தை ஆழ்ந்து ஆராய்ந்தவர்.' மாசாய் என்ற ஊரில் உள்ள மசாலா கம்பெனியின் பக்கத்தில் இப்படித்தான் போட்டிருக்கிறது. படித்துவிட்டு, யாரும்மா இது என்று மகள் ரூபினியிடம் கேட்டார் செல்வராணி. அதே கம்பெனியில் ஒன்பது வருடமாகப் பாக்கெட் ஒட்டுகிறவர். நேரலையை எப்படி நிறுத்துவது என்று இன்றுவரை தெரியாது. பேசி முடித்ததும் போனைப் படுக்கப் போட்டுவிட்டுப் போய்விடுவார். பார்க்கும் மக்கள் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

வழக்கமாக நேரலையில் பேசிப் பொருள் விற்கும் பெண் வராத ஒருநாள், முதலாளி டெஸ்மண்ட் இவரைப் பிடித்துக் கேமரா முன் நிறுத்தினார். "உப்பு கொஞ்சம் தூக்கல்தான். வாங்குனா நீங்க தனியா உப்பு போட்டுடாதீங்க" என்றார் இவர், கோழி மசாலாவைக் காட்டி. டெஸ்மண்ட் தலையில் கைவைத்துக்கொண்டார். அன்றைக்குத்தான் ஸ்டோர் காலியானது. 'இந்த அக்கா பொய் சொல்ல மாட்டாங்க' என்று யாரோ எழுதியிருந்தார்கள்.

அதோடு டெஸ்மண்டுக்குப் புத்தி வந்தது, அல்லது போனது. இனி ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு குறை சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. ரசப்பொடியில் மிளகு போதாது, சாம்பார்ப்பொடி பாக்கெட் லேசில் பிரியாது. எல்லாம் உண்மை என்பதால் சிரமமில்லை.

மீன் மசாலாவில்தான் செல்வராணி மாட்டிக்கொண்டார். மூன்று நாள் சமைத்துப் பார்த்தும் குறை கிடைக்கவில்லை.

"பாஸ், இது நல்லா இருக்கே."

"நல்லா இருக்குன்னு சொன்னா யாரு நம்புவாங்கக்கா? காசு வாங்கிட்டீங்கம்பாங்க லா. கலர் கம்மின்னு சொல்லுங்க."

"கம்மி இல்லையே."

"சும்மா சொல்லுங்க. உங்க நேர்மைதான்கா நம்ம மூலதனம்."

செல்வராணிக்குத் தலை சுற்றியது. நல்லதை நல்லது என்றால் பொய்க்காரி, இல்லாத குறையைச் சொன்னால் உத்தமி. மார்க்கெட்டில் பார்க்கிறவர்கள் எல்லாம் 'நீங்க சொன்னா சரிக்கா' என்கிறார்கள். அந்தப் பேச்சு போய்விட்டால் அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? ஆனால் எதைச் சொன்னால் அது போகும், எதைச் சொன்னால் நிற்கும்?

ரூபினியைக் கேட்டார்.

"உண்மையச் சொல்லும்மா."

"சொன்னா நம்ப மாட்டாங்களாம்."

"அப்ப சொல்லாத."

சனிக்கிழமை காலை நேரலை. எதிரே டெஸ்மண்ட், 'கலர்' என்று எழுதிய அட்டையைப் பிடித்து நின்றார். குழம்பு கொதித்து இறங்கியது. 'குறை என்னக்கா?' என்று திரையில் வரிசையாகக் கேட்டார்கள். அட்டை இன்னும் கொஞ்சம் மேலே ஏறியது.

செல்வராணி ஒரு கரண்டி எடுத்துச் சாப்பிட்டார். அப்புறம் இன்னொரு கரண்டி. குறை ஒன்றும் இல்லை என்று சொன்னார்.