பெட்டியோடு குறுக்கே போனவன்

எர்லாங்கனில் பொறியாளனாக இருந்த நானும், கொலோனில் ஓர் ஆய்வகத்தில் வேலை பார்த்த அவளும் முதல்முறையாகச் சந்திக்க பிராங்பேர்ட் ரயில் நிலையத்தைத் தேர்ந்தெடுத்தது நான்தான். வரைபடத்தில் அது நடுவில் இருந்தது. பயண நேரத்தைப் பார்த்தால் எனக்குத்தான் அதிகம். இந்தப் பெருந்தன்மை கவனிக்கப்படாமல் போய்விடக் கூடாதே என்று, இரண்டு பயண நேரங்களையும் மின்னஞ்சலில் குறிப்பிட்டிருந்தேன்.

எனக்கு நாற்பத்திரண்டு, அவளுக்கு முப்பத்தெட்டு. ஊரில் இரு வீட்டாரும் ஜாதகம்கூடப் பார்க்கவில்லை. அந்த வயதுக்கு மேல் கிரகங்களிடம் அபிப்பிராயம் கேட்பதில்லை போலும். திருச்சியிலிருந்த அக்கா மட்டும், "இதையும் கெடுத்துக்காதே" என்று சொல்லி வைத்திருந்தாள். அதற்கு முன் நான் சந்தித்த பெண்கள் எல்லோரும் "அப்புறம் சொல்றோம்" என்று சொல்லியிருந்தார்கள். அந்த அப்புறம் இன்னும் வந்தபாடில்லை.

ஆகவே முன்யோசனையோடு ஒரு காலிப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். சந்திப்பு தோற்றாலும் பயணம் வீணாகக் கூடாது. நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்க் கடை இருந்தது. பொன்னி அரிசி, இட்லி அரிசி, உளுந்து, இரண்டு புட்டி நல்லெண்ணெய். சந்திப்புக்குப் பிறகும் வாங்கியிருக்கலாம். ஆனால் மனம் சரியில்லாதபோது, உளுந்தில் கல் கிடக்கிறதா என்று பார்க்கத் தோன்றாது. எனவே முதலில் உளுந்து, பிறகு பெண்.

பன்னிரண்டு மணிக்குப் பெரிய கூடத்தில் பூக்கடை எதிரே சந்திப்பதாக ஏற்பாடு. ஒரு மணி ரயிலில் அவள் திரும்ப வேண்டும். அவளுடையது அந்த ரயிலுக்கு மட்டும் செல்லும் மலிவுச் சீட்டு. "ஒரு மணி நேரம் போதும்" என்று எழுதியிருந்தாள். நான் ஒரு மணி நேரம் முன்னதாகவே பெட்டியைத் தூக்கிக்கொண்டு நிலையத்துக்குள் வந்துவிட்டேன். சக்கரம் உடைந்த பெட்டி. வலது தோள் ஒரு பக்கம் இறங்கியிருந்தது.

ஓரத்து நடைமேடை ஒன்றில் கயிறு கட்டிப் படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தது. படப்பிடிப்பு ஆட்களுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த மீசைக்காரர் ஒருவர் என்னைப் பார்த்தார்.

"அண்ணை, தமிழோ?"

"ஆமாங்க."

"பெட்டி பாரமோ?"

"அரிசி."

அவர் திரும்பி, கையில் வாக்கி-டாக்கி வைத்திருந்த ஒரு பெண்ணிடம் ஜெர்மனில் ஏதோ சொன்னார். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு இயக்குநரைக் கூப்பிட்டாள். இயக்குநர் என் தோளைப் பார்த்து முகம் மலர்ந்தார். வாழ்க்கையில் என் தோளைப் பார்த்து யாரும் முகம் மலர்ந்ததில்லை.

"என்ன விஷயம்?" என்று மீசைக்காரரிடம் கேட்டேன்.

"காதல் படம் அண்ணை. விதி, அது இது எண்டு. அவனும் அவளும் ஒருத்தரை ஒருத்தர் தேடுகினம். ரெண்டு பேரும் இந்த மேடையிலதான் நிக்கினம். அவள் திரும்பிப் பாக்கேக்க நீங்கள் பெட்டியோட குறுக்கால போறீங்கள். அவளுக்கு அவனைத் தெரியாமப் போகுது. பிறகு ஏழு வருஷம் பிரிஞ்சிருக்கினம்."

"நான் குறுக்கே போகலைன்னா?"

"படம் அரை மணித்தியாலத்தில முடிஞ்சிடும்."

இதற்கென்று வந்திருந்த துணை நடிகர்களின் பெட்டிகள் எல்லாம் காலியாம். தூக்கி நடந்தால் பொய்யென்று கண்ணுக்குத் தெரிகிறதாம். எனக்குப் பன்னிரண்டு மணிக்கு வேலை இருக்கிறது என்றேன்.

"என்ன, டெர்மினோ?" நேரம் குறித்து வைத்த சந்திப்புக்கு ஜெர்மன்காரர்கள் சொல்லும் சொல் அது.

"ஒருத்தரைப் பார்க்கணும்."

"பத்து நிமிஷம் அண்ணை. கெதியா முடிஞ்சிடும். போனை மட்டும் நிப்பாட்டுங்கோ."

நிறுத்தினேன். தரையில் ஒட்டியிருந்த மஞ்சள் பட்டையிலிருந்து சிவப்புப் பட்டைவரை நடக்க வேண்டும். நடந்தேன். இயக்குநர் கை தட்டினார். ஆனால் நடிகருக்குத் தும்மல் வந்துவிட்டது. மறுபடி. இந்த முறை ஒலிபெருக்கி குறுக்கிட்டது. மறுபடி. அடுத்து ஒரு புறா. விதி என்பதற்கு இத்தனை விளக்குகளும் இத்தனை ஆட்களும் தேவை என்று நான் அறிந்திருக்கவில்லை. அந்தக் கூட்டத்தில் தவறு செய்யாதவன் நான் ஒருவன்தான். ஒவ்வொரு முறையும் அதே வேகம், அதே சாய்வு, அதே வலது கால். "அப்படியே, இன்னொரு தரம்" என்று இயக்குநர் ஆங்கிலத்தில் சொன்னார். ஓர் அலுவலகக் கூட்டத்திலும் எனக்குக் கிடைக்காத சொற்கள் அவை.

பன்னிரண்டு ஆனதைப் பார்த்தேன். பெரிய கடிகாரம் எனக்கு நேர் எதிரேதான் இருந்தது, பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. மின்னஞ்சலில் என் நற்குணங்கள் என்ற தலைப்பில் நான் எழுதியிருந்தது ஒன்றே ஒன்று: நேரம் தவறாதவன். கிளம்பியிருக்கலாம். பூக்கடை இரண்டு நிமிட நடை. ஆனால் இங்கே என்னை மறுபடி மறுபடி கேட்டார்கள். அங்கே ஒரே ஒரு முறைதான் நடந்து காட்ட முடியும், அது எப்படி முடியும் என்பதும் எனக்குத் தெரியும்.

ஒருவழியாக நடிகையின் கண்ணில் சரியான நேரத்தில் சரியான அளவு நீர் வந்து, எல்லோரும் கை தட்டியபோது மணி பன்னிரண்டே முக்கால். பிற்பாடு அந்தப் படத்தைப் பார்த்தேன். என் முகம் அதில் இல்லை. தோள் இருக்கிறது, நன்றாக நடித்திருக்கிறது.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு பூக்கடையை நோக்கி ஓட முயன்றேன். கயிற்றுக்கு வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர்களில் பச்சைக் கோட்டு போட்ட ஒரு பெண் வழியை மறித்தாள்.

"நீங்க எர்லாங்கன்தானே?"

நின்றேன்.

"போட்டோல முடி நிறைய இருந்துச்சு. அதான் கண்டுபிடிக்க லேட் ஆயிடுச்சு."

"சாரிங்க. நான்... அவங்க பத்து நிமிஷம்னு..."

"அரை மணி நேரம் பூக்கடைல நின்னேன். போன் பண்ணேன், ஸ்விட்ச் ஆஃப். சரி, ஆள் ஓடிட்டார்னு பிளாட்பாரத்துக்கு வந்தேன். என் டிரெயின் இந்தப் பக்கத்துலதான் நிக்குது. பார்த்தா ஒருத்தர் பெட்டியைத் தூக்கிட்டு போறார், திரும்பி வர்றார், மறுபடி போறார். இந்த மனுஷன் எப்பதான் ஊர் போய்ச் சேருவார்னு பாவமா இருந்துச்சு."

"உள்ளே ஏறி உட்கார்ந்திருக்கலாமே நீங்க?"

"உட்காரலாம். ஆனா நீங்க அந்தச் சிவப்புப் பட்டைல கரெக்டா நிக்கறீங்களான்னு பார்க்கணும்போல இருந்துச்சு. ஒரு தடவைகூட மிஸ் பண்ணலை."

எனக்குக் காது சூடாகிவிட்டது.

"பெட்டில என்ன, அவ்வளவு வெயிட்டா? எனக்கு ஏதாவது கொண்டாந்தீங்களா?"

இங்கே ஒரு பொய் சொல்லியிருக்க வேண்டும். உலகத்தில் வேறு யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள்.

"அரிசி, உளுந்து. நீங்க வேண்டாம்னு சொல்லிட்டா டிக்கெட் காசு வேஸ்ட் ஆயிடுமேன்னு..."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், கோட்டுப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தேநீர் ஊற்றும் மீசைக்காரர் எட்டிப் பார்த்து, "அண்ணை, இவவோ டெர்மின்?" என்றார். நான் தலையாட்டினேன். "அட கடவுளே" என்று அவர் இரண்டு கோப்பைத் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அவள் பாதிதான் குடித்தாள். ரயில் கிளம்ப நேரமாகிவிட்டது.

"உங்க வீட்ல என்ன சொல்லப் போறீங்க?" என்று கேட்டாள்.

"நடந்ததைச் சொல்லணும்."

"வேண்டாம். இன்னிக்கு நாம பார்க்கவே இல்லை. ரயில் லேட், மிஸ் ஆயிடுச்சு. இது கணக்குல வேண்டாம். அடுத்த சனிக்கிழமை பூக்கடைகிட்ட பன்னிரண்டு மணிக்குப் பார்ப்போம், இன்னொரு டேக்." படியில் ஏறியபின் திரும்பி, "நானும் அம்மாகிட்ட அதையேதான் சொல்லப் போறேன். மாத்திச் சொல்லிடாதீங்க" என்றாள்.

அன்று மாலை திருச்சிக்குத் தொலைபேசினேன். ரயில் தாமதம், சந்திக்க முடியவில்லை என்று ஒப்பித்தேன்.

"ஜெர்மனிலகூடவா ரயில் லேட்டாகும்?"

"ஆகும்க்கா."

"சரி விடு. எல்லாம் விதி. சேரணும்னு இருந்தா சேரும்." அக்கா பெருமூச்சு விட்டாள். "பொண்ணு எப்படியோ என்னவோ. ரொம்பப் படிச்சவ, உர்ருன்னு இருப்பாளோன்னுதான் எனக்குக் கவலை."

"அதெல்லாம் இல்லைக்கா. நல்லா சிரிப்பாங்க."



"பார்க்கலைன்னியேடா?" என்றாள் அக்கா.