ஆடாதோடையும் சிவப்பு மாத்திரையும்

ஆடு மேயாத தழை அது. முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், ஆலை மதிலை ஒட்டி மண்டிக் கிடக்கும். எங்கள் சந்து ஆடுகள் சினிமா போஸ்டரைத் தின்னும், கோணிச் சாக்கைத் தின்னும். ஆடாதோடையை மட்டும் முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும். அவ்வளவு கசப்பு. அந்தக் கசப்பைப் பறித்து வருவது ஒன்பது வயதில் என் வேலை.

சித்தப்பாவுக்குக் காசம். ஆலையில் தறி ஓட்டியவர். வீட்டில் யாரும் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. "சளி" என்போம், அதையும் குரலைத் தாழ்த்தி. தனித் தட்டு, தனி டம்ளர், தாழ்வாரத்தில் தனிப் பாய். சுகாதார நிலையத்தில் கொடுத்த மாத்திரைகளை விடிந்ததும் வெறும் வயிற்றில் விழுங்குவார். சற்றைக்கெல்லாம் கிணற்றடியில் குமட்டும் சத்தம் கேட்கும். அதன்பிறகு என் முறை. அம்மா தழையை மிளகோடு கொதிக்கவைத்து, வடித்து, தேன் விட்டுத் தருவாள். நான் ஏந்திப் போவேன்.

"என்னா மதாம், இன்னிக்கி எத்தினி தழ?"

"ஏழு."

"நேத்து அஞ்சுதான? ஆளையே தீத்துடலாம்னு பாக்கறியா?"

ஒரே மூச்சில் குடித்துவிட்டு, வெள்ளைக்காரத் துரைசானிக்குப் போல எனக்கொரு சலாம் வைப்பார். இருமல் மெல்ல மெல்ல இறங்கியது. இறக்கியது நான்தான் என்று நினைத்தேன்.

ஒரு காலை, குளியலறையிலிருந்து சித்தப்பா வெளியே வர, சாக்கடையில் செக்கச்செவேலென்று சிறுநீர் ஓடியது.

"யம்மா! சித்தப்பாவுக்கு ரத்தமா போவுது!"

அம்மா கரண்டியோடு ஓடிவந்தாள். சித்தப்பா என்னைப் பார்த்தார், சாக்கடையைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

"மாத்திர கொடல அறுக்குது தம்பி. வேணாம், நிறுத்திடு. தழதான் நல்லா கேக்குதே" என்றாள் அம்மா.

மாத்திரைப் பொட்டலம் அரிசிப் பானைக்குப் பின்னால் போயிற்று. கிணற்றடி அமைதியானது. சித்தப்பாவின் கன்னம்கூடக் கொஞ்சம் பூசினாற்போல் வந்தது. தெருவில் என்னை வைத்தியக்காரி என்றார்கள். நான் ஒன்பது தழை பறித்தேன்.

மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது, இருமல் வந்தது, இம்முறை நிஜமாகவே ரத்தம் வந்தது. விசாரிக்க வந்த நர்ஸ், மாத்திரையை ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டாள்.

"செவப்பா போச்சுங்க. இந்தப் பொண்ணுதான் பாத்துச்சு" என்றாள் அம்மா.

"அய்யோ, அது மாத்திரையோட நெறம்மா! ரத்தமில்ல!"

வீடே என்னைத் திரும்பிப் பார்த்தது. பாயிலிருந்து சித்தப்பா கையூன்றி எழுந்தார்.

"கொழந்தைய ஏன் பாக்கறீங்க? மொத நாளே சொன்னாங்க. நாந்தான் சொல்லல."

எனக்காக எவ்வளவு பெரிய பொய்! அந்தப் பொய்க்காகவே அவரைக் கும்பிட்டேன். மறுபடியும் மாத்திரை, கூடவே ஊசி. நுரையீரல் காத்திருக்கவில்லை. அடுத்த மாசிமகத்துக்குச் சாமிகள் கடலுக்கு வந்தன, அவர் இல்லை. கொன்றது என் கண்கள் என்று அலைகளிடம் சொல்லிவிட்டு வந்தேன். வேறு யாரிடமும் சொன்னதில்லை.

போன வருஷம் என் கணவருக்கு அதே நோய். இளம் டாக்டரிடம் ஆடாதோடையைப் பற்றிக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "அந்த எலையில இருக்கற சத்த இந்தக் கிருமி மேலயே சோதிச்சுப் பாக்கறாங்கம்மா. நாளைக்கி மருந்தா வந்தாலும் வரும். இன்னிக்கி மாத்திரதான். ஒரு நாளும் விடக் கூடாது."

தழை பொய்யில்லை என்பதில் ஒரு சின்ன ஆறுதல்.

மாத்திரை கொடுக்கும் ஜன்னலில் நின்றோம். எங்களுக்கு முன்னால் ஒரு கிழவர், பின்னால் ஒரு கல்லூரிப் பெண். உள்ளே இருந்த நர்ஸ் ஒவ்வொருவரிடமும் மாத்திரையைத் தருவதற்கு முன் ஒரே வாக்கியத்தைச் சொன்னாள்: "செவப்பா போவும், பயப்படாதீங்க."

எல்லோருக்கும் முதலில் சொல்லும் வாக்கியம். சித்தப்பாவுக்கும் சொல்லியிருப்பார்கள்.

அவர் பொய் சொல்லவில்லை. தினமும் குடல் புரளக் குமட்டிய மனிதனுக்கு, என் அலறல் ஒரு விடுமுறை. அதை வேண்டாமென்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் விடிந்ததும் கணவர் மாத்திரையை விழுங்கினார். குமட்டியது. முதுகைத் தடவியபடி பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சித்தப்பா குமட்டிய நாட்களில் கிணற்றடிக்கு அப்படி யாரும் போகவில்லை. அந்தச் சத்தம் தினமும் என் காதில் விழுந்தது. அது ஓய்வதற்காகக் காத்திருந்தேன், கையில் கஷாயத்தோடு.